சிறுவாணி கேனும் தரங்கம்பாடிக் கிணறும்

போன மாசம் ஒருநாள், விடிஞ்சும் விடியாத நேரம். காலிங்பெல் அடிச்சது. கதவைத் திறந்தா அன்னூரிலிருந்து அண்ணன் வேலுச்சாமி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில நீலக் கலர்ல ஒரு பத்து லிட்டர் கேன். பின்னாடியே பட்டுப் புடவையில நங்கை. எங்க கொங்குப் பக்கம் அண்ணன் சம்சாரத்தை நங்கைன்னுதான் சொல்வோம். பேர் சரசு.

"கண்ணு, இதுல சிறுவாணித் தண்ணி புடிச்சுக் குடு. ரயிலுக்கு நேரமாச்சு."

அன்னிக்கு நாங்க மூணு பேரும் எங்கே கிளம்பினோம் தெரியுமா? தரங்கம்பாடிக்கு. கடலுக்கு! கண்ணுக்கு எட்டுன தூரம் தண்ணியா இருக்குற ஊருக்குப் போற மனுஷன், கோயம்புத்தூரிலிருந்து பத்து லிட்டர் தண்ணியைச் சுமந்துட்டு வர்றார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

"அங்கெல்லாம் உப்பா இருக்கும் அம்மணி. நாக்கு செத்துப் போயிரும்."

கோயம்புத்தூர்க்காரங்களைத் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை. எங்களுக்குக் குலதெய்வம் ஆளுக்கொண்ணு இருக்கலாம். சிறுவாணி எல்லாருக்கும் பொது. சென்னைக்குப் போனாலும் சரி, சிங்கப்பூருக்குப் போனாலும் சரி, முதல் டம்ளர் தண்ணியைக் குடிச்சுட்டு ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்... அப்புறம், "எங்கூருத் தண்ணி மாதிரி வருங்களா?"ம்போம். அந்த எங்கூருத் தண்ணி எங்க வீட்டுக் குழாயில எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு மட்டும் யாரும் கேக்கப்படாது.

ஆனா அண்ணன் கேன் தூக்குறதுக்குக் காரணம் சிறுவாணி மட்டும் இல்லை. அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல தரங்கம்பாடி எதுக்குன்னு சொல்லிடறேன். "சும்மா டூருங்க" — இது ஊருக்குச் சொன்னது. நெசம் வேற. அண்ணனுக்கு ஒரே பொண்ணு, நித்யா. கோயம்புத்தூர்ல ஐ.டி. கம்பெனியில வேலை. கூட வேலை பார்க்குற அருள்ங்கிற பையனைக் கட்டிக்கறேன்னு மூணு மாசத்துக்கு முன்னால வீட்டுல சொல்லிப்போட்டாள். பையனுக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. அப்பாவுக்குக் கடல் தொழில். அம்மா, வீட்டு முன்பக்கத்துல இருக்குற ரெண்டு ரூமை டூரிஸ்ட்டுகளுக்கு விட்டுட்டிருக்காங்க.

மூணு மாசமா அண்ணன் சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. நித்யாவோ, அப்பா சம்மதிக்காம பண்ணிக்க மாட்டேன், வேற ஒருத்தனையும் கட்டிக்க மாட்டேன்னு நின்னாள். சரியாச் சாப்பிடாம இளைச்சுப் போனாள். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல தோசை ஊத்தி ஊத்தி நங்கை சலிச்சுட்டாங்க. கடைசியில ஒருநாள் அண்ணன் எனக்குப் போன் பண்ணினார்.

"ஒருக்கா அந்த ஊருக்குப் போய் விசாரிச்சுட்டு வந்து முடிவு சொல்லிடறேன். நீயும் வா. டூர் வந்த மாதிரி போயிட்டு வருவோம். சொல்லாமப் போனாத்தான் நெசம் தெரியும்."

விசாரிக்கிறதுன்னா என்னென்ன விசாரிப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால நானும் பேசாம பையை எடுத்து வச்சேன்.

ரயில் ஈரோடு தாண்டினதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். எட்டா மடிச்சது. பிரிச்சா, வரிசையா நம்பர் போட்ட கேள்விகள். பையன் குடிப்பானா? அப்பன் குடிப்பாரா? வீட்டுல யாருக்காவது வியாதி உண்டா? கோர்ட்டு கேஸ் உண்டா? தாய்மாமன் எப்படி? தாய்மாமனோட சம்சாரம் எப்படி? நான் எட்டிப் பார்த்தப்ப கேள்வி இருபத்தேழு ஓடிட்டிருந்தது. அந்தப் பையன் கலெக்டர் வேலைக்குப் போயிருந்தாக் கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க.

அண்ணனுக்கு அன்னூர்ல போர் மோட்டார் மெக்கானிக் வேலை. ஆயிரம் அடிக்குக் கீழே கிடக்குற மோட்டாரை மேலே தூக்கி, சரி பண்ணி, மறுக்கா இறக்குறவர். எங்க பக்கம் அறுநூறு அடி போட்டுத் தண்ணி வரலையா? எண்ணூறு போடு. அதுலயும் வரலையா? ஆயிரம் போடு. வெறும் புழுதியாப் பறந்தாலும், 'இன்னும் நூறு அடி போட்டிருந்தா வந்திருக்குமுங்க'ன்னு சொல்ற ஊர் எங்க ஊர். அண்ணன் ஆளை விசாரிக்கிறதும் அதே மாதிரிதான்.

மத்தியானம் மயிலாடுதுறையில இறங்கி, கார் பிடிச்சு, தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள்ள நுழையுறதுக்கே ஒரு பழங்காலத்து வாசல். உள்ளே நேரா ஒரு தெரு. ரெண்டு பக்கமும் தூண் வச்ச பழைய பங்களாக்கள், மாதாகோயில், வேப்பமரம். தெருக்கோடியில — கடல்! அப்படியே சினிமா ஸ்கிரீன் மாதிரி நிக்குது. ஓரமா டென்மார்க்காரன் கட்டின கோட்டை. அது மஞ்சளா, இளஞ்சிவப்பா, செங்கல் நிறமான்னு எங்க மூணு பேருக்குள்ள கடைசி வரைக்கும் ஒத்துப் போகலை.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? நாம டூர் போனா வேலை செய்யப் போற மாதிரிதான் போவோம். ஊட்டின்னா பொட்டானிகல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, வர்க்கி, தைலம்... ஓடி ஓடிப் பார்த்துட்டு, திரும்பி வந்து ரெண்டு நாள் படுத்துக் கிடப்போம். தரங்கம்பாடி மாதிரி ஊர்ல பார்க்கறதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமில்லை. அதுதான் சுகமே! கோட்டைச் சுவர்ல உக்கார வேண்டியது. காத்து வாங்க வேண்டியது. எத்தனையோ தலைமுறையா மனுஷங்க உக்கார்ந்து தேஞ்ச கல்லுல நாமளும் கொஞ்ச நேரம் உக்கார்ந்து, நம்ம பங்குக்குத் தேய்ச்சுட்டு வர வேண்டியது. மெயில் இல்லை, மீட்டிங் இல்லை. அலை மட்டும் வந்து வந்து போகுது.

நங்கைக்கு அம்பத்திரண்டு வயசு. கடலை அவங்க பார்த்தது ஒரே ஒருதடவை, திருச்செந்தூர்ல. அப்பவும் காலை நனைக்கிறதுக்குள்ள, "பஸ்ஸு போயிரும், வா வா"ன்னு அண்ணன் இழுத்துட்டு வந்துட்டாராம். இந்தத் தடவை செருப்பை என் கையில திணிச்சுட்டு, பட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டு ஓடினாங்க. ஒவ்வொரு அலைக்கும் "அய்யோ... அய்யய்யோ"ன்னு கத்தல், சிரிப்பு.

"இத்தனை நாளா இதைப் பாக்காமயே இருந்துபோட்டனே அம்மணி!"

முந்தானை நிறையச் சிப்பி பொறுக்கினாங்க. வந்த வேலை என்ன, மகளோட கல்யாணம் என்ன, எல்லாம் மறந்து போச்சு. எனக்கும்தான்.

அண்ணன்? இருபதடி பின்னால, ஒரு துளி ஈரம் படாம, கேனும் கையுமா நின்னுட்டிருந்தார். கோட்டையை மேலும் கீழும் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்க —

"ஏன் கண்ணு, இத்தனை பேரு கப்பல்ல வந்து எறங்கி, கோட்டை கட்டி, வருசக்கணக்காக் குடியிருந்திருக்கானே... தண்ணிய எங்க குடிச்சான்?"

நான் எத்தனையோ பழைய ஊர்களுக்குப் போய் எழுதியிருக்கேன். தூண் எழுதியிருக்கேன், சிற்பம் எழுதியிருக்கேன். இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோணினதில்லை. நல்ல தண்ணி இல்லாத இடத்துல ஊர் எப்படிங்க பழசாகும்?

பொழுது சாயறப்ப விசாரணை ஆரம்பமாச்சு. கடற்கரை ரோட்டுல ஒரு டீக்கடை. எங்க ரெண்டு பேருக்கும் டீ சொன்னார், தனக்குச் சொல்லலை. கேனைப் பெஞ்சு மேல வச்சுட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க... இந்த ஊர்ல அருள்னு ஒரு தம்பி, கோயம்புத்தூர்ல வேலை பாக்குதுங்களாமே?"ன்னார்.

"செல்வியக்கா மவனா? நீங்க பொண்ணு வீடுங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க. நாங்க டூருங்க. சும்மா கேட்டனுங்க. தம்பி... இந்தக் குடிகிடின்னு ஏதாச்சும்?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுறதை நிறுத்திட்டார்.

"ஐயா, டூர் வர்றவங்க கோட்டை எத்தனை மணிக்குத் தொறப்பாங்கன்னு கேப்பாங்க. பையன் குடிப்பானான்னு யாரும் கேட்டதில்லைங்களே!"

பெஞ்சுல இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. நங்கை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. பத்து நிமிஷம்தான். நாங்க லாட்ஜுக்குத் திரும்பி நடக்கறப்ப மீன் விக்கிற ஒரு அம்மா எதிர்ல வந்து, "செல்வி வீட்டுக்கு வந்தவங்களா? நல்ல குடும்பம், தைரியமாப் பண்ணுங்க"ன்னு வாழ்த்திட்டே போனாங்க. இதுதான் நாங்க சொல்லாமப் போன லட்சணம்.

மறுநாள் காலையில கடலோரத்துச் சிவன் கோயிலைப் பார்த்தோம். பாதியைக் கடல் தின்னுடுச்சு. மிச்சப் பாதி, 'வா பார்க்கலாம்'னு அலையைப் பார்த்து நிக்குது. அங்கிருந்து நேரா பையன் வீட்டுக்கு. வாசல்ல பெரிசாக் கோலம். உள்ளிருந்து மீன் வறுக்குற வாசனை. காலை ஒன்பது மணிக்கு யாருங்க மீன் வறுப்பாங்க? நாங்க வர்றது அந்த வீட்டுக்கு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்ததுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அண்ணனுக்குப் புரியலை.

செல்வியம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும். சிரிச்ச முகம்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. அவங்கப்பா கடலுக்குப் போயிருக்காரு, நாளைக்குத்தான் கரைக்கு வருவாரு."

சொல்லிட்டே உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணியும் மூணு டம்ளரும் கொண்டுவந்து வச்சாங்க. நானும் நங்கையும் குடிச்சோம். அண்ணன் எடுக்கலை.

"நீங்க குடிங்கண்ணே."

"இருக்குதுங்க" — கால் பக்கத்துல இருந்த கேனைக் காட்டினார்.

செல்வியம்மா சொம்பைப் பார்த்தாங்க. கேனைப் பார்த்தாங்க. அந்தச் சிரிப்பு அப்படியே வத்திப் போச்சு. நங்கை அண்ணன் கையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினாங்க.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. சம்பந்தம் முடிவாகுற வரைக்கும் கை நனைக்கறதில்லைன்னு எங்க பக்கம் ஒரு பழக்கமுங்க"ன்னார் அண்ணன்.

இத்தனை 'ங்க' போட்டு ஒருத்தர் மனசைப் புண்படுத்த எங்க ஊர்க்காரங்களால மட்டும்தான் முடியும்.

என் ஹேண்ட்பேக்ல போன் துடிக்குது. நித்யாதான். 'அத்தை, என்னாச்சு?' அடுத்தது: 'அத்தை?' அடுத்தது வெறும் கேள்விக்குறி. நான் என்னன்னு சொல்ல? உங்கப்பா தண்ணி குடிக்கலைன்னா?

இப்ப அந்தக் கேன் கதையைச் சொல்லிடறேன். அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுதிக்க கண்ணு, இப்ப என்ன"ன்னுட்டார்.

எங்க அப்பா அடுத்தவங்க காடு தோட்டத்துக்குத் தண்ணி கட்டுற வேலை பார்த்தவர். நாள் பூரா தண்ணிக்குள்ளதான் நிப்பார். தாகம் எடுத்தா மட்டும் காட்டுக்காரர் ஊட்டு வாசல்ல போய் நிக்கணும். சொம்பை உசரத் தூக்கி ஊத்துவாங்க. அப்பா குனிஞ்சு, ரெண்டு கையையும் குவிச்சு வாங்கிக் குடிப்பார். அண்ணனுக்கு எட்டு வயசு இருக்கறப்ப ஒருநாள் கூடப் போனார். இவருக்கும் அப்படியே ஊத்தினாங்க. சின்னக் கை. தண்ணி எல்லாம் சட்டை மேல. ஊத்தினவர் அதைப் பார்த்துச் சிரிச்சாராம்.

இன்னிக்கு அதே ஊட்டுல மோட்டார் நின்னா அண்ணனுக்குத்தான் போன் வருது. "வாங்க வேலுச்சாமி, உக்காருங்க, தண்ணி குடிங்க"ன்னு சேர் எடுத்துப் போடறாங்க. அண்ணன் போவார். மோட்டாரை எடுப்பார். தண்ணி வர வைப்பார். குடிக்க மட்டும் மாட்டார். "இருக்குதுங்க"ம்பார். முப்பது வருஷமா எந்த ஊட்டுக்குப் போனாலும் இதே கதைதான். சிறுவாணிப் பைத்தியம்னு ஊரே கேலி பண்ணும். பண்ணட்டும்னு விட்டுட்டார். காரணத்தை என்கிட்ட மட்டும் ஒருதடவை சொன்னார்.

அவரை எப்படி நான் கோவிச்சுக்க முடியும்? ஆனா அந்தச் செல்வியம்மா என்ன பாவம் பண்ணினாங்க? நித்யா என்ன பாவம் பண்ணினாள்? ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தா நடுவுல உக்கார்ந்திருக்கிறவங்க பாடு இருக்கே... அது யாருக்கும் வரப்படாது.

செல்வியம்மா, "இதோ வந்துடறேன்"னு எழுந்து பின்பக்கம் போனாங்க. கொஞ்ச நேரத்துல அங்கிருந்து 'கிரீச்... கிரீச்...'னு கப்பி சுத்துற சத்தம். தொடர்ந்து வாளி தண்ணியில விழுற சத்தம்.

அண்ணன் காது நிமிர்ந்தது.

"கெணறுங்களா?"

யார் பதிலுக்கும் காத்திருக்கலை. எழுந்து போயிட்டார். நாங்க பின்னாலயே ஓடினோம்.

சின்ன உறைக்கிணறு. சிமெண்ட் வளையம் அடுக்கினது. நாலு பேர் கை கோர்த்தா வளைச்சுடலாம். பின்னால ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் கடல். அலைச் சத்தம் காதுல விழுது.

"எத்தனை அடிங்க இது?"

"பத்தடி இருக்கும்ணே. தண்ணி ஆறடியில கெடக்கு."

அண்ணன் சிரிச்சுட்டார். மூணு மாசத்துல நான் பார்த்த முதல் சிரிப்பு. "ஆறடிங்களா! எங்கூர்ல ஆறடியில மண்புழு கூடக் கெடைக்காதுங்க." உடனே சந்தேகம். "கடல் இந்தா இருக்குது. தண்ணி உப்பாத்தான இருக்கும்?"

இந்த இடத்துல வேற யாரா இருந்தாலும், "குடிச்சுப் பாருங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. அவரும், "இருக்குதுங்க"ன்னு சொல்லியிருப்பார். கதை முடிஞ்சிருக்கும். செல்வியம்மா அப்படிச் சொல்லலை. கயித்தை அவர் கையில கொடுத்தாங்க.

"உங்களைத் தண்ணி டாக்டர்னு எங்க பையன் சொல்லியிருக்கான். நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே."

தொழில்காரன்கிட்ட தொழிலைக் கேட்டா மாட்டேன்னு சொல்வானா?

ஒரு விஷயம் சொல்லணும். அண்ணன் தண்ணியைச் சோதிக்கிறது நாக்குல. போர் போட்டதும் ஒரு மடக்கு வாயில வச்சு, கொப்பளிச்சு, துப்பிட்டு, "தென்னைக்கு ஆகும், குடிக்க ஆகாதுங்க"ன்னு சொல்லிடுவார். அது சோதனை. குடிக்கிறதுல சேர்த்தி இல்லை. இதுவும் அப்படித்தான்னு நான் நினைச்சேன்.

வாளியை விட்டார், இழுத்தார். கைப்பிடிச் சுவர் மேல வச்சார். குனிஞ்சு, கையைக் குவிச்சு ஒரு மடக்கு வாயில வச்சுக்கிட்டார். கண்ணை மூடினார். கொப்பளிச்சார். துப்பப்போறார்னு நாங்க நகர்ந்து நின்னோம்.

துப்பலை. முழுங்கினார்!

ரெண்டாவது கை அள்ளினார். "சரசு, இங்க வா... உப்பே இல்ல! இளநி மாதிரி இருக்குது! கடலு அந்தா இருக்குது, தண்ணி இளநியாட்டம்!" சின்னப் பையன் மாதிரி கத்தறார். மூணாவது கை அள்ளினார்.

அப்பத்தான் செல்வியம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினாங்க.

"ஏண்ணே கையில குடிக்கிறீங்க? இந்தாங்க."

அண்ணன் குனிஞ்சபடி இருந்தார். ரெண்டு கையும் குவிஞ்சபடி இருந்தது. அப்படியே நின்னுட்டார். குவிஞ்ச கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். நங்கை என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த நிமிஷத்துல அவர் மறுத்திருந்தா அங்கேயே உக்கார்ந்து அழுதிருப்பேன்.

கையைக் கீழே விட்டார். நிமிர்ந்தார். டம்ளரை வாங்கினார். மொண்டார். அண்ணாந்துதான் குடிப்பார்னு நினைச்சேன். இல்லை... வாய் வச்சுக் குடிச்சார். நிறுத்தி, நிதானமா, முழு டம்ளரையும். குடிச்சு முடிச்சுத் திருப்பிப் பார்த்தா, விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருக்கு — அருள்.

"தம்பி டம்ளருங்களா?"

"சின்ன வயசுலேருந்து அதுலதாண்ணே குடிப்பான். வேற யாரும் தொட்டா சண்டைக்கு வருவான். இன்னிக்கு உங்களுக்குக் குடுத்துட்டேன், அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

அண்ணன் சிரிச்சுட்டே வாளியில மிச்சமிருந்த தண்ணியில முகத்தைக் கழுவினார். கழுவ வேண்டிய அவசியமே இல்லை. ரொம்ப நேரம் கழுவினார்.

நான் போனை எடுத்து நித்யாவுக்கு டைப் பண்ணினேன். 'உங்கப்பா இவங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுட்டார். டம்ளர்ல. வாய் வச்சு.' உடனே போன் வந்தது. எடுத்தா ஒரே அழுகை. அவளுக்குக் காரணம் தெரியாது. ஆனா அப்பா எந்த வீட்டுலயும் தண்ணி குடிச்சுப் பார்த்ததில்லைன்னு தெரியுமே!

முகத்தைத் துடைச்சதும் அண்ணனுக்குத் தொழில் புத்தி வந்துடுச்சு. ஒரு கொங்கு மனுஷன் ஒரு கிணத்தைப் பார்த்துட்டு சும்மா வருவானா?

"ஏனுங்க, நீங்க ஏன் கையால எறைச்சுட்டு இருக்கோணும்? ஒரு அரை ஹெச்.பி. மோட்டார் போதுமுங்க. நானே கொண்டாந்து போட்டுத்தாரேன்."

"வேண்டாம்ணே. பக்கத்து வீட்டுல அப்படித்தான் மோட்டார் போட்டாங்க. ஒரே மாசத்துல உப்பாயிடுச்சு. வேகமா உறிஞ்சினா கடல் உள்ள வந்துடும். கையால எறைச்சா ஒண்ணும் ஆகாது."

"அப்ப இன்னும் ஒரு பத்தடி ஆழப்படுத்திட்டா?"

"ஆழமாப் போனா அடியில கடல்தாண்ணே! சுனாமி வந்தப்ப இதுவும் உப்பாத்தான் போச்சு. எறைச்சு எறைச்சு ஊத்தினோம். மழை பேய்ஞ்சு பேய்ஞ்சு பழையபடி ஆச்சு."

அண்ணன் கிணத்துக்குள்ள பார்த்தபடி ரொம்ப நேரம் நின்னார். ஆயிரம் அடி தோண்டியே பழகின மனுஷனுக்கு ஆறடியோட நிறுத்துன்னு ஒரு ஊர் சொல்லுது.

நான் அவர் சட்டைப் பையைக் காட்டினேன். "அண்ணா, அந்தப் பேப்பர்? இருபத்தேழு கேள்வி?"

"இரு கண்ணு. ரொம்பத் தோண்டினா உப்பாயிருமாமா."

பேப்பரை எடுத்து நங்கைகிட்ட கொடுத்தார். "இந்தா, உன்ற சிப்பிய இதுல மடிச்சு வெய்யி."

யோசிச்சுப் பார்த்தேன். ஆளுங்களைத் தெரிஞ்சுக்கிறதும் இப்படித்தானோ? பாட்டன் யாரு, பூட்டன் யாருன்னு மோட்டார் போட்டு உறிஞ்சினா எந்த வீட்டுலதான் உப்பு வராது? எங்க வீட்டுல வராதா, உங்க வீட்டுல வராதா? ஒரு வாளி விட்டு, கையால இறைச்சு, வந்ததைக் குடிச்சுப் பார்த்தா போதாதா? இதைச் சொல்ல ஒரு பத்தடிக் கிணறு வேண்டியிருக்கு பாருங்க.

அப்புறமென்ன, வாழையிலை விழுந்தது. வறுத்த மீன், மீன் குழம்பு, ரசம். அண்ணன் மூணு தடவை சோறு வாங்கினார். கை கழுவிட்டு வந்து, செல்வியம்மா முன்னால நின்னு, ரெண்டு கையையும் கூப்பினார்.

"அவிய கரைக்கு வந்ததும் ரெண்டு பேருமா ஒரு நல்ல நாள் பாத்து அன்னூருக்கு வாங்க. என்ற புள்ளையும் இருப்பா. மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பேசிக்கலாமுங்க."

செல்வியம்மா முந்தானையை எடுத்தாங்க. "வர்றோம்ணே, கட்டாயம் வர்றோம்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நங்கை அவங்க தோளைப் பிடிச்சுட்டு, "எனக்கு ஒரு ரூமு எப்பவும் காலியா வச்சுருங்க, வருசத்துக்கு ஒருக்கா கடல் பாக்க வாரேன்"னாங்க. சம்பந்தி வேலை ஆரம்பிச்சாச்சு.

கிளம்புறப்ப அண்ணனைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கேன்ல மிச்சமிருந்த தண்ணியை — சிறுவாணித் தண்ணியைங்க! — அங்கிருந்த தென்னங்கன்னு அடியில சாய்ச்சுட்டிருக்கார். எங்க ஊர்க்காரங்க யாராவது பார்த்திருந்தா மயங்கி விழுந்திருப்பாங்க. அப்புறம் கிணத்துல வாளியை விட்டு, இறைச்சு இறைச்சு கேனை நிரப்பினார். மூடியை இறுக்கித் திருகினார்.

ரயில்ல எதிர் சீட்டுக்காரர் கேனையே பார்த்துட்டிருந்தார். திருச்சி வந்ததும் பொறுக்க முடியாம கேட்டுட்டார்.

"கோயில் தீர்த்தங்களா?"

"இல்லீங்க"ன்னார் அண்ணன். கேனை மடியோட அணைச்சுக்கிட்டார். "சம்பந்தி ஊட்டுத் தண்ணிங்க."

எனக்கும் ஒரு டம்ளர் கேட்டேன். "உனக்கெதுக்கு கண்ணு? உனக்குத்தான் ஊட்டுலயே சிறுவாணி வருதல்ல"ன்னுட்டார்.